கம்பளியும் 37 பாகையும்

 

தை மாதக் குளிர் இன்னும் விடவில்லை. வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் விடியற்காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறது. பதுளை நகரம் தாழ்வில் இருப்பதால் இங்கே அவ்வளவு இல்லை. ஆனாலும் பஜ்ருக்கு வுழூ எடுக்கும்போது குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த நாட்களில் வகுப்பில் உடல் வெப்பநிலை பற்றிப் பேச்சு வந்தால் பிள்ளைகள் நிறையக் கேள்வி கேட்பார்கள். பாடப் புத்தகத்தில் ஒருசீர்த்திடநிலை என்று ஒரு பகுதி இருக்கிறது. மனித உடலின் வெப்பநிலை 37 பாகை செல்சியஸ், வெக்கையில் வியர்க்கும், குளிரில் நடுங்கும் என்று அதில் இருக்கும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த 37 பாகைக்கு நம் ஊவாவில் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை இன்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1816 ஆம் ஆண்டு ஜோன் டேவி என்ற ஆங்கில இராணுவ வைத்தியர் இலங்கைக்கு வந்தார். சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கைச் செய்து கொடுத்த விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி இவர். 1820 வரை இங்கே இருந்தார். ஊவாவுக்கும் வந்து பார்த்தார். இலங்கையின் உள்நாட்டைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1821 இல் லண்டனில் வெளிவந்தது.

அவர் இருந்த காலம் நம் மாகாணம் மறக்க முடியாத காலம். கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் கைக்குப் போய் இரண்டே வருடத்தில், 1817 இல், வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி வெடித்தது. தவளம் நடத்திய வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குப் பொறுப்பாக ஹஜ்ஜி மரிக்காரை ஆங்கிலேயர் நியமித்ததும், அவரும் பிறகு பதுளையில் இருந்த அதிகாரி சில்வெஸ்டர் வில்சனும் கொல்லப்பட்டதும் நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதை. அந்தப் போரில் ஆங்கிலப் படையினர் சண்டையில் இறந்ததை விடக் காய்ச்சலிலும் மற்ற நோய்களிலும் இறந்ததுதான் அதிகம். ஒரு வைத்தியருக்கு உடம்பின் சூட்டைப் பற்றி யோசிக்க இதைவிடக் காரணம் வேண்டுமா?

டேவி கப்பலில் வரும்போதே வேலையைத் தொடங்கிவிட்டார். கூட வந்தவர்களின் நாக்கின் கீழே வெப்பமானியின் குமிழை வைத்து அளந்து எழுதிக்கொண்டே வந்தார். குளிர்ந்த கடலிலிருந்து வெக்கையான கடலுக்குக் கப்பல் வரும்போது உடம்பின் சூடும் சற்றே ஏறுவதைக் கண்டார். இலங்கைக்கு வந்த பிறகும் விடவில்லை. காட்டில் வேட்டையாடி இறைச்சியை நம்பி வாழ்ந்த வேடர்களை அளந்தார். மரக்கறி மட்டும் உண்ட பௌத்த பிக்குகளை அளந்தார். இரண்டையும் உண்ட ஐரோப்பியச் சிப்பாய்களை அளந்தார்.

அவர் கண்ட முடிவு என்ன தெரியுமா? எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே சூடு. இனம் மாறினாலும், நிறம் மாறினாலும், சாப்பாடு மாறினாலும் வெப்பமானியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல. வெள்ளைக்காரன் உடம்பு வேறு, கறுப்பு மனிதன் உடம்பு வேறு என்று படித்தவர்களே நம்பிய காலம். சாதாரண வைத்தியர்களிடம் வெப்பமானியே கிடையாது. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள், நாடி பிடிப்பார்கள். ஜேர்மனியில் வுண்டர்லிச் என்ற வைத்தியர் சுமார் 25,000 நோயாளிகளை அளந்து 37 பாகை என்ற கணக்கைப் புத்தகமாக வெளியிட்டது 1868 இல்தான். இங்கிலாந்தில் கிளிஃபர்ட் ஆல்பட் சட்டைப் பையில் வைக்கக்கூடிய சின்ன வெப்பமானியைக் கொண்டுவந்ததும் அந்த வருடங்களில்தான். அதற்கெல்லாம் அரை நூற்றாண்டுக்கு முன்பே, மனித உடம்பு எங்கும் ஒன்றுதான் என்பதற்கான அளவீடு நம் தீவில் எடுக்கப்பட்டுவிட்டது.

சரி, உடம்பு எப்படி இந்தக் கணக்கைக் காப்பாற்றுகிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடம்பு ஏறத்தாழ பழைய 100 வாட் மின்குமிழ் அளவுக்குச் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. சாப்பிட்ட சோறும் ரொட்டியும்தான் அந்தச் சூடு. அது வெளியே போகாமல் உள்ளேயே தங்கினால் ஒரு மணித்தியாலத்தில் உடல் வெப்பநிலை ஒரு பாகைக்கு மேல் ஏறிவிடும். வேகமாக வெளியே போனால் இறங்கிவிடும். 35 பாகைக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. 40 ஐத் தாண்டினாலும் ஆபத்து. நாம் உயிரோடு நடமாடும் இடைவெளி அவ்வளவு சிறியது.

இதைக் கவனிக்கத் தோலில் காவற்காரர்கள் இருக்கிறார்கள். குளிரை உணரும் நரம்பு முனைகளும் வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளும் தனித்தனியாக உண்டு. குளிரை உணரும் புள்ளிகள்தான் எண்ணிக்கையில் அதிகம். இந்த நரம்பு முனைகளில் எந்தப் புரதம் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸ், ஆர்டம் பட்டபூட்டியான் இருவருக்கும் 2021 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஜூலியஸ் ஆரம்பித்தது எங்கிருந்து தெரியுமா? கொச்சிக்காயிலிருந்து. கொச்சிக்காயில் உள்ள காரப் பொருள், 43 பாகைக்கு மேற்பட்ட சூடு, இரண்டுமே ஒரே புரதத்தைத் தட்டி எழுப்புகின்றன. அதனால்தான் கொச்சிச் சம்பல் தின்றால் வாய் எரிகிறது, நெற்றி வியர்க்கிறது. உண்மையில் வாயில் சூடு ஏறவில்லை. அதேபோல் மென்தால், குளிரை உணரும் புரதத்தைத் தட்டுகிறது. தடிமன் பிடித்தால் நாம் பூசுகிற தைலம் ஜில்லென்று இருப்பது அதனால்தான். அங்கேயும் தோல் குளிரவில்லை, குளிர்ந்ததாகச் செய்தி மட்டும் போகிறது.

இந்தச் செய்திகள் எல்லாம் மூளையின் அடியில் பரிவகக்கீழ் என்ற சின்னப் பகுதிக்குப் போய்ச் சேரும். அது இரத்தத்தின் சூட்டையும் தானே பார்த்துக்கொள்ளும். வெக்கை என்றால் தோலுக்கு இரத்தத்தைத் திறந்துவிடும், வியர்வைச் சுரப்பிகளுக்கு உத்தரவு கொடுக்கும். ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியாகிப் போனால் ஏறத்தாழ 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். லண்டனில் சார்ள்ஸ் பிளாக்டன் என்பவரும் கூட்டாளிகளும் 120 பாகைக்கும் மேல் சூடாக்கிய உலர்ந்த அறைக்குள் சில நிமிடங்கள் நின்று பார்த்தார்கள். உள்ளே வைத்த முட்டையும் இறைச்சியும் வெந்துபோயின. உள்ளே நின்ற மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வியர்வை காப்பாற்றியது.

குளிர் என்றால் கதை வேறு. தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். கை கால் விறைக்கும். மயிர் கூச்செறியும். ஆட்டுக்கும் பூனைக்கும் அது உதவும், நமக்கு உரோமம் இல்லாததால் உதவாது. பிறகு நடுக்கம். தசைகள் வேலை எதுவும் செய்யாமல் சும்மா அதிர்ந்து சூட்டை உண்டாக்கும். நன்றாக நடுங்கும்போது சாதாரண நேரத்தை விட நான்கு ஐந்து மடங்கு சூடு வரும். ஆனால் அதற்கு எரிபொருள் வேண்டும். வயிறு காய்ந்தவன் நெடுநேரம் நடுங்க முடியாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மனிதன் வெக்கைக்கு நன்றாகப் பழகுவான். ஒன்றிரண்டு கிழமை வெயிலில் வேலை செய்தால் சீக்கிரம் வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்புக் குறையும், உடம்பு சமாளித்துக்கொள்ளும். குளிருக்கு அப்படி இல்லை. குளிரில் எத்தனை வருடம் இருந்தாலும் உடம்பு பழகுவது கொஞ்சம்தான். மீதியை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். உடுப்பு, நெருப்பு, கூரை, சோறு. பனிப் பிரதேசத்தில் மனிதன் வாழ்வது தோலின் பலத்தால் அல்ல, இந்த நான்கின் பலத்தால்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் மலைகளைப் பார்ப்போம்.

1830 களுக்குப் பிறகு மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. வேலைக்கு ஆட்கள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கமிருந்து வந்தார்கள். எல்லாம் சமவெளி. வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த உடம்புகள். பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 200 கிலோமீற்றருக்கு மேல். தண்ணீர் இல்லாமலும், வாந்திபேதியிலும், காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை ஆயிரம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. விழுந்தார்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

மாத்தளைக்கு வந்தவர்கள் ஊவாவுக்கு வர இன்னும் பல நாள் மலையேற வேண்டும். பதுளைக்கு ரயில் வந்தது 1924 ஏப்ரலில்தானே. ஹப்புத்தளைக்கே 1893 இல்தான் ரயில் வந்தது. அதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் காலால் வந்தவர்கள்.

மேலே ஏற ஏற என்ன நடக்கும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 1,000 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 6.5 பாகை குறையும். பதுளை சுமார் 680 மீற்றர். எல்ல 1,040. பண்டாரவளை 1,230. ஹப்புத்தளை 1,430. மன்னார்க் கரையில் இறங்கியவர் ஹப்புத்தளைக்கு வரும்போது காற்று ஒன்பது பாகை அளவு குளிர்ந்திருக்கும். அதோடு மழை, பனிமூட்டம், காற்று. இடுப்பில் ஒரு வேட்டி, தோளில் ஒரு துண்டு, பெண்ணுக்கு ஒரு சேலை. பல கிழமை நடந்து மெலிந்த உடம்பு. தோலுக்கடியில் கொழுப்பு இல்லை, நடுங்குவதற்கு வயிற்றில் எரிபொருள் இல்லை.

இந்த இடத்தில்தான் கம்பளி வருகிறது.

இந்தியாவில் செம்மறி மயிரில் நெய்த முரட்டுக் கம்பளி. கறுப்பு அல்லது மண்ணிறம். வெள்ளைக்காரத் துரைமாரின் எழுத்துகளில் அரிசிக்கு அடுத்தபடியாக அடிக்கடி வரும் பொருள் இதுதான். பகலில் தலையிலிருந்து முதுகு வரை கொங்காணி போட்டுக்கொண்டால் மழைக்கும் காற்றுக்கும் தடுப்பு. தலையில் கூடைக் கயிறு அழுத்தும் இடத்துக்கு மெத்தை. இரவில் போர்வை. குழந்தை பிறந்தால் விரிப்பு. ஒரு குடும்பத்துக்கு ஒரே கம்பளி என்றால் இத்தனை வேலையும் அந்த ஒன்றுக்குத்தான்.

கம்பளி எப்படிச் சூடு தருகிறது? அது சூடு தருவதில்லை. சுருண்ட மயிர்களுக்கிடையே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அசையாத காற்று சூட்டைக் கடத்தாது. உடம்பு உண்டாக்கும் அந்த 100 வாட் சூடு ஓடிப்போகாமல் நிற்கிறது. பருத்தித் துணி நனைந்தால் காற்றெல்லாம் போய் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் காற்றை விட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். கம்பளி ஈரமானாலும் கொஞ்சக் காற்றையாவது பிடித்து வைத்திருக்கும். நம் பாட்டிமார் இந்த விஞ்ஞானத்தைப் படிக்கவில்லை. ஆனால் மழையில் கொழுந்து எடுக்கப் போகும்போது கம்பளியைக் கொங்காணி போட்டு, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கம்பளி இனாம் அல்ல. அது கணக்கில் ஏறியது.

ஊரிலிருந்து கூட்டிவந்த வழிச் செலவு கங்காணியின் கணக்கில் கடன். அரிசி கடன். கம்பளியும் கடன். மாதச் சம்பளத்தில் இவற்றைக் கழித்த பிறகு கையில் வருவது மிச்சம். கழியாத கடன் துண்டில் எழுதப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் புதிய தோட்டம் அந்தத் துண்டில் உள்ள கடனைக் கட்ட வேண்டும். துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அதுவரை, குளிரில் உயிரோடு இருப்பதற்கான செலவும் சேர்ந்து ஒரு மனிதனைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது.

துரைக்கும் அதே 37 பாகைதான். பங்களாவில் அவருக்குக் கணப்பு அடுப்பு இருந்தது, விறகு இருந்தது, விறகு போட ஆள் இருந்தது. அவற்றின் செலவு தோட்டக் கணக்கில். லயத்தில் இருந்தவரின் கம்பளிச் செலவு அவர் சொந்தக் கணக்கில்.

கோப்பி போனதும் இந்தக் கணக்கு மாறவில்லை. கோப்பியை அழித்த இலை நோய் இலங்கையில் முதன்முதல் 1869 இல் நம் மடுல்சீமையில்தான் கண்டறியப்பட்டது. பதினைந்து இருபது வருடத்தில் கோப்பி முடிந்து தேயிலை வந்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் வந்து தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். கோப்பிக் காலத்தில் பழம் பறித்து முடிந்ததும் ஊருக்குத் திரும்பியவர்கள் இப்போது மார்கழி, தைக் குளிரிலும் மலையிலேயே குடும்பமாகத் தங்கினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள். மேலே தகரம். தகரம் பகலில் வெயிலைக் கீழே இறக்கும், இரவில் சூட்டை வானத்துக்கு விடும். மனித உடம்புக்கு என்ன தேவையோ அதற்கு நேர்மாறான கூரை.

இன்னொரு பக்கம், உடம்பே பலவீனமாக இருந்தது. கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலில் ஏறி, குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும். 1916 இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோரிடம் அது இருந்தது. இரத்தச் சோகை உள்ள உடம்பு சூட்டைக் காப்பாற்றவும் கஷ்டப்படும். இரும்புச்சத்துக் குறைந்தவர்கள் மற்றவர்களை விடச் சீக்கிரம் குளிர்ந்து போவார்கள். ஆக, செருப்பு இல்லாததும் குளிரோடு சம்பந்தப்பட்டதுதான்.

எல்லாவற்றையும் விடப் பாவம் பச்சைக் குழந்தைகள். பிறந்த குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. தோள்பட்டைக்கு இடையிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூட்டை உண்டாக்கும். நிறை குறைந்து பிறந்த குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் குறைவு. உடம்பு சிறிது, தோல் பரப்பு அதிகம், சூடு ஓடிவிடும். தோட்டங்களில் குழந்தை மரணம் நாட்டின் மற்ற இடங்களை விட நெடுங்காலம் அதிகமாக இருந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. தகரக் கூரையின் கீழ் குளிரில் பிறந்ததும் அவற்றில் ஒன்று. பிரசவமாகி அதிக நாள் போகாமல் தாய் மலைக்குப் போக, குழந்தை பிள்ளைக் காம்பராவில் கிடந்தது.

1978 இல் தென்னமெரிக்காவின் கொலம்பியாவில், பொகோட்டா நகர ஆஸ்பத்திரி ஒன்றில் சூடாக்கும் பெட்டிகள் போதாமல் போனபோது, எட்கார் ரே சனாப்ரியா என்ற வைத்தியர் நிறை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கச் சொன்னார். குழந்தைகள் பிழைத்தன. இன்று உலகம் முழுக்க, நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும், இதைச் செய்கிறார்கள். தாயின் உடம்பே 37 பாகைப் பெட்டி. ஆனால் அந்தப் பெட்டி வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா? பிரசவ விடுமுறை என்பது வெறும் ஓய்வு அல்ல என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

“அவங்களுக்கு இந்தக் குளிர் பழகிப்போச்சு” என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நகரத்திலும் கேட்கலாம், பாடசாலையிலும் கேட்கலாம். பழகிப்போனது உண்மைதான். ஆனால் பழகியது மனசு. பரிவகக்கீழ் பழகவில்லை. டேவியின் வெப்பமானி 200 வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டது, வேடனுக்கும் பிக்குவுக்கும் சிப்பாய்க்கும் ஒரே கணக்கு என்று. லயத்துப் பிள்ளைக்கும் கடைத்தெருப் பிள்ளைக்கும் அதே கணக்குத்தான்.

நம் மார்க்கத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஸலாஸில் படையெடுப்பில் கடும் குளிர் இரவொன்றில் அம்ரு இப்னுல் ஆஸ் ரழியல்லாஹு அன்ஹு அவர்களுக்குக் குளிப்புக் கடமையானது. குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து தொழுகை நடத்தினார்கள். பிறகு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் காரணத்தைச் சொன்னபோது, நபியவர்கள் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை என்று அபூதாவூத் நூலில் பதிவாகியிருக்கிறது. குளிரில் உடம்பைக் காப்பது சலுகை கேட்பது அல்ல, கடமை.

குளிரைப் பற்றிப் பேசும்போது காய்ச்சலையும் சொல்லியாக வேண்டும். இரண்டும் நடுக்கத்தில் சந்திக்கின்றன. காய்ச்சலை இதயத்தில் மூண்டு உடம்பெங்கும் பரவும் அந்நியச் சூடு என்று இப்னு ஸீனா தன் கானூன் நூலில் விளக்கினார். இன்றைய விளக்கம் வேறு. கிருமி உள்ளே வந்ததும் பரிவகக்கீழ் தன் கணக்கை 37 இலிருந்து 39 க்கு மாற்றி வைத்துக்கொள்கிறது. அப்போது 37 இல் இருக்கும் உடம்பு அதற்குக் குளிர்ந்த உடம்பாகத் தெரியும். அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது நடுக்கம். கணக்கு மீண்டும் 37 க்கு இறங்கும்போது வியர்வை. பரசிற்றமோல் செய்வது அந்தக் கணக்கைக் கீழே இறக்குவது.

ஒரு காலத்தில் பிந்தென்னை, வெல்லஸ்ஸப் பக்கம் இந்த நடுக்கத்துக்கு மலேரியா என்று பெயர். 1934, 35 இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரை அது கொன்றது. அதற்கு மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரம் 1861 இல் ஹக்கலைக்கு வந்தது. கோப்பி அழிந்தபோது கொஞ்சக் காலம் தோட்டங்கள் அதைத்தான் நட்டன. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம் அது. இப்போது டெங்கு இருக்கிறது.

கடைசியாக, இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் வீட்டுக்கும் பாடசாலைக்கும் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில.

மழையில் நனைந்து வரும் பிள்ளையைக் காலைக் கூட்டத்தில் நிறுத்த வேண்டாம். முதலில் ஈர உடுப்பு மாற வேண்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் அலுமாரியில் பழைய உலர்ந்த சட்டைகளும் ஸ்வெட்டர்களும் பத்து இருந்தால் போதும். நிறம் வேறாக இருந்தால் என்ன? சீருடை விதி பிள்ளைக்காகத்தான், பிள்ளை விதிக்காக இல்லை. காலைச் சாப்பாடு இல்லாமல் வரும் பிள்ளைதான் முதலில் விறைக்கும் என்பதையும் ஆசிரியர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வயதானவர்களுக்குக் குளிர் உணர்வு மங்கிவிடும், நடுக்கமும் குறையும். “எனக்குக் குளிரல்ல” என்று சொன்னாலும் கையையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். தலையை மூடி வையுங்கள்.

அறைக்குள் கரி நெருப்பு வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்தித் தூங்க வேண்டாம். அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, எழுப்பாமலேயே ஆளை எடுத்துவிடும்.

பிறந்த குழந்தையை உடனே துடைத்து, உலர்த்தி, தாயோடு சேர்த்து அணைத்து வையுங்கள்.

காய்ச்சல்காரப் பிள்ளை நடுங்கும்போது மெல்லிய போர்வை போடுங்கள். நடுக்கம் நின்ற பிறகும் கம்பளியால் சுற்றி வைக்க வேண்டாம், சூடு வெளியே போகட்டும். குடிக்க நிறையக் கொடுங்கள். நிறைக்கு ஏற்ற அளவில் பரசிற்றமோல் மட்டும். டெங்குக் காலத்தில் அஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம். இரண்டு நாளைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பாருங்கள்.

மஹியங்கனை, பிபிலை, மொனராகலைப் பக்கம் இருக்கும் உறவுகளுக்குக் குளிரை விட வெயில்தான் பிரச்சினை. வயலிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள் தாகம் வரும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். வெயிலில் ஒருவருக்கு உளறல் வந்தால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், வியர்க்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறி, உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

தோட்டத்து உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டி, பூட்டி காலத்துக் கம்பளி இன்னும் வீட்டில் இருந்தால் வீசிவிட வேண்டாம். அதை என்ன விலைக்கு வாங்கினார்கள், எத்தனை மாதம் சம்பளத்தில் கழிந்தது, யார் யாரைப் போர்த்தியது என்று உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எங்களுக்கும் அனுப்புங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டுகிறோம். ஒருசீர்த்திடநிலைப் பாடத்தில் அதுவும் ஒரு பகுதியாக இருக்கட்டும்.